பெனடிக் ஐயா பாடமாக்கிய ஓதல்

சாய்ந்தமருதில் தோணி வலிக்கிற உதுமாலெவ்வையின் வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்திவிட்டது. முதல் இரண்டு நாளும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் அரைத்துப் பூசினார். ஐந்தாம் நாள் கை பேக்கரிப் பணிஸ் போல உப்பிவிட்டது. ஆறாம் நாள் காலையில் மகள் றுகையா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா, இனிக் கதை இல்ல. டிஸ்பென்சரிக்குப் போவம், எழும்புங்க."

றுகையாவுக்குப் பத்து வயது. உம்மா தம்பியைப் பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவளால் வெளியே வர முடியாது. ஆகவே வாப்பாவைக் கூட்டிப் போகும் பொறுப்பு றுகையாவுடையது.

டிஸ்பென்சரிக்கு வைத்தியம் பார்க்கப் புதிதாக வந்திருந்த அப்போதிக்கரி ஐயாவின் பெயர் பெனடிக். ஒல்லியான மனிதர். கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும். அவர் வாப்பாவின் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊர்க்காரரைப் போல அண்ணன் முறை வைத்துப் பேசினார்.

"காக்கா, உள்ளுக்கு நல்லாச் சீழ் கட்டியிருக்கு. சின்னதா ஒரு வெட்டு. கழுவிக் கட்டிவிட்டா இண்டைக்கே வீட்ட போகலாம்."

"நாளைக்கு வரட்டா ஐயா?"

"நாளைக்கு வந்தா விஷம் முழங்கைக்கு ஏறிடும். பிறகு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். விரலும் போகலாம், கையும் போகலாம்."

வாப்பா தன் வலது கையைப் பார்த்தார். தண்டு வலிக்கிற கை அது. அந்தக் கை போனால் தோணி இல்லை. தோணி இல்லாவிட்டால் வீட்டு அடுப்பில் உலை இல்லை. சுவரோரம் கிடந்த நீள வாங்குப் பலகையில் படுத்துக் கையை நீட்டினார்.

ஐயா மரத்துப்போகிற மருந்தைக் கையில் தெளித்தார். கொதிநீரில் கிடந்த சின்னக் கத்தியை எடுத்தார். பிறகு வாப்பாவின் காதருகே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, மிகவும் பக்தியோடு சொன்னார்:

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!"

அடுத்த நொடி வாங்கில் ஆளைக் காணவில்லை. மருந்துத் தட்டு கணகணவென்று உருண்டது. றுகையா வெளியே ஓடிப் பார்த்தாள். வாசலில் நின்ற பூவரச மரத்துக்குப் பின்னால் வாப்பா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன வாப்பா?"

"அந்த மனிசன் என்ன ஓதினாரு எண்டு கேட்டியா மகள்? அது மாடு அறுக்கக்குள்ள ஓதுறது! என்ன ஆரெண்டு நினைச்சாரு? ஹஜ்ஜுப் பெருநாள் மாடு எண்டா?"

றுகையா சிரிப்பைப் பல்லால் கடித்து அடக்கினாள். "இதுலயே நில்லுங்க. நான் கேட்டுட்டு வாறன்."

உள்ளே பெனடிக் ஐயா கத்தியும் கையுமாகத் திகைத்துப்போய் நின்றார். "என்ன புள்ள இது? நான் இன்னும் தொடவே இல்லையே!"

"ஐயா, அந்த ஓதல உங்களுக்கு ஆர் சொல்லித் தந்த?"

ஐயாவின் முகம் மலர்ந்தது. "இறைச்சிக் கடைக் காலிதீன் காக்கா. 'கத்தி வைக்கக்குள்ள உங்கட ஆக்கள் என்ன ஓதுவாங்க?' எண்டு கேட்டன். சொல்லித் தந்தார். எழுதி வச்சுப் பாடமாக்கினன்."

அவர் மருந்து அலுமாரிக் கதவைக் காட்டினார். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முத்து முத்தான தமிழ் எழுத்தில் அந்த ஓதல். நாக்குப் புரளக்கூடிய இடங்களில் சிவப்பு மையால் கோடு வேறு.

"என்னத்துக்கு ஐயா பாடமாக்கின நீங்க?"

"இஞ்ச வாற சனம் பயத்துல கண்ண மூடிக்கொண்டு என்னவோ ஓதுறாங்க. நானும் சேர்ந்து சொன்னா அவங்களுக்கு ஒரு தைரியம் வருமே எண்டு நினைச்சன்."

றுகையா அந்தச் சிவப்புக் கோடுகளையே பார்த்தாள். இது அவருடைய வேதம் அல்ல. பாடமாக்கு என்று அவரிடம் எவரும் கேட்கவும் இல்லை. அடக்கிய சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"ஐயா, காலிதீன் மாமா சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள் மெதுவாக. "ஆனா அது மாட்டுக்கு."

கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி, பிடிக்கப் போன விரல்களையும் தாண்டி விழுந்தே விட்டது. "மாதாவே! அப்ப நேத்து ஒரு பெரிய மனிசன் சன்னலால பாஞ்சாரே…"

"அதுக்குத்தான் ஐயா."

"நான் அவரப் பயந்தாங்கொள்ளி எண்டு ஏசிட்டன் புள்ள!" ஐயா பேனையைத் தேடி எடுத்தார். "சரியானதச் சொல்லு. எழுதுறன்."

"பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம். அளவில்லாத இரக்கம் உள்ளவன்ட பேரால எண்டு கருத்து."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, றுகையா பழைய காகிதத்தைக் கிழியாமல் கழற்றி எடுத்துக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போனாள்.

"இதப் பாருங்க வாப்பா. நம்மட ஆக்கள் பயப்படக்கூடாதெண்டு ஐயா எழுதிப் பாடமாக்கியிருக்காரு. நான் வாய்ப்பாட்டக் கூட இப்பிடிப் பாடமாக்கினதில்ல."

வாப்பா காகிதத்தை இடது கையில் வாங்கிச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். "நல்ல மனிசன்," என்றார். "இப்பிடி ஒரு மனிசனை நான் கண்டதே இல்ல."

"அப்ப வாங்க."

வாப்பாவின் கால்கள் அசையவில்லை. "வரத்தான் வேணும்… ஆனா, கத்தி அதே கத்திதானே மகள்?"

றுகையாவுக்கு இப்போதுதான் விளங்கியது. வாடைக் காற்றில் கடலுக்குப் போகிற வாப்பாவுக்கு அந்தச் சின்னக் கத்தியில் பயம். அவள் சிரிக்கவில்லை. அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்தா என்ன வாப்பா? நம்மட ஓதல நீங்களே ஓதுங்க. ஐயா அவர்ட வேதத்துல உள்ளதச் சொல்லட்டும். நான் இந்தக் கைய விடமாட்டன்."

அப்படியே நடந்தது. வாப்பா கண்ணை மூடி, "பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம்" என்றார். பெனடிக் ஐயா நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய உதடுகள் அசைந்தன. றுகையாவும் கண்ணை மூட நினைத்தாள், ஆனால் மூடவில்லை. சற்று முன் கண்ணாடியைக் கூடப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறிய அந்த விரல்கள் இப்போது இம்மியும் நடுங்கவில்லை. ஒரே கீறல். சீழ் வெளியே வந்தது. அதன் பின்னால் அரிசியளவில் கறுப்பாக ஒன்றை ஐயா இடுக்கியால் பிடித்து இழுத்தார்.

"இந்தா பாருங்க காக்கா, முறிஞ்ச முள்ளு! இதுதான் உள்ளுக்கு இருந்து வேலை காட்டியிருக்கு."

வாப்பா பிடித்த பிடியில் றுகையாவின் விரல்கள் நொறுங்கும்போல் இருந்தன. அவள் கையை விடவில்லை.

கழுவி, மருந்து வைத்துக் கட்டிய பிறகு ஐயா சொன்னார்: "விரல்கள மடக்குங்க பாப்பம்."

சுண்டுவிரல் மடங்கியது. அடுத்த விரல் மடங்கியது. மெதுவாக, வலியோடு, ஐந்தும் மடங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்!" வாப்பாவின் கண் கலங்கிவிட்டது. "ஐயா, அல்லாஹ் தந்த கைய இண்டைக்கு நீங்கதான் காப்பாத்தித் தந்தீங்க. உங்கட கைய மறக்க மாட்டன்."

"என்ட கை இருக்கட்டும். ஓடின ஆளைக் கூட்டி வந்தாளே உங்கட மகள், அவள மறந்திடாதீங்க," என்று சிரித்தார் ஐயா.

வீட்டுக்குப் போகிற வழியில் வாப்பா கண்டவர்களையெல்லாம் நிறுத்தி ஐயாவின் புகழைப் பாடினார். கை நகத்தின் அளவாய் இருந்த வெட்டு, பள்ளிவாசலைத் தாண்டும்போது சாண் அளவாகியிருந்தது. முள்ளும் அப்படியே வளர்ந்தது.

வாசலுக்கு வந்ததும் உம்மா கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "அல்லாஹ் காப்பாத்தினான்," என்று பெருமூச்சு விட்டாள். பிறகு மடியில் தம்பியை ஆட்டிக்கொண்டே றுகையாவின் பக்கம் திரும்பினாள்.

"உண்மையச் சொல்லு மகள். கத்தியக் கண்டதும் உன்ட வாப்பா ஓடினாரு, என்ன?"

வாப்பா அவசரமாகக் கூரையில் எதையோ தேடினார்.

"ஓதினாரு உம்மா," என்றாள் றுகையா, ஒரே ஓர் எழுத்தை மாற்றி.