மூன்று தம்பிகள்

ரஞ்சனி ஆறு பேருக்குச் சோறு வடித்திருந்தாள். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

"ஏன் இவ்வளவு?" என்று கேட்டான் செந்தமிழன்.

"தெரியலங்க, கை தானா அள்ளிப் போட்டுடுச்சு. ஆத்துல முழுகிட்டு வந்தவருக்குப் பசிக்கும்ல?" என்று சிரித்தாள்.

நடுப்பகல். திருவெறும்பூர்த் தெருவில் வெயில் கொதித்தது. ஆனால் சமையலறையில் சோற்று ஆவியின் வாசம் இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் கொள்ளிடக் கரையில் எழும் வாடை, சேறும் அழுகிய நாணலும் டீசலும் கலந்த குளிர்ந்த வாடை, மின்விசிறி எவ்வளவு சுற்றியும் கலையாமல் சுவரோரமாக நின்றது.

கூடத்தில் ஏழு வயது கனிஷ்கா படம் வரைந்துகொண்டிருந்தாள். பதினைந்து வருடங்களாக ஊர் 'மலைக்கோட்டையான்' என்று கூப்பிடும் முகமூடிக்காரன் தன் அப்பாதான் என்று அவளுக்குத் தெரியாது. ரஞ்சனிக்கும் தெரியாது. தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். வெளியே, கவிழ்ந்த பஸ்ஸை ஒற்றை ஆளாக நிமிர்த்துகிறவன். அந்த வேலையின் ஒரு துளிகூட மகள் இருக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது. தனக்கென்று அவன் வைத்திருந்த சட்டம் அது ஒன்றுதான்.

போன வருடம், காவலர் ஒருவர் மேல் லாரியை ஏற்றிக் கொன்ற மணல் கும்பலைத் துரத்திப் போனான். மருதை, நவநீதன், அழகர்சாமி. கொள்ளிடக் கரையில் லாரியை மறித்துத் தள்ளினான். அது வெள்ளத்துக்குள் சரிந்தது. வண்டியோடு அவர்களைத் தூக்கிவிடும் வலு அவனுக்கு இருந்தது. ஆனால் நான்கு நாட்களாக அவன் தூங்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இறங்கலாம் என்று மணலில் உட்கார்ந்தான். உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் வரவே இல்லை. இன்று மகாளய அமாவாசை. தர்ப்பணம் கொடுத்தாலாவது தூக்கம் வரும் என்று காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனான்.

"யாருக்குப் பண்றேள்?" என்றார் வாத்தியார்.

பெயர்களைச் சொன்னான்.

"என்ன உறவு?"

படித்துறையில் கூட்டம் முதுகை நெருக்கியது. கண்கள் சொருகின. எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. "தம்பிங்க."

"மூணு பேருமா? ராமா! சரி, அப்பா பேரைச் சொல்லுங்கோ."

அவர்களின் தகப்பன் பெயரெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? தன் அப்பாவின் பெயரைச் சொன்னான். அருணாசலத்தின் மகன் மருதை. அருணாசலத்தின் மகன் நவநீதன். அருணாசலத்தின் மகன் அழகர்சாமி. அவன் வாயாலேயே, எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிய, மும்மூன்று முறை.

"வாங்க, வாங்க!" இப்போது வாசலில் ரஞ்சனியின் குரல் கேட்டது.

கதவு திறந்தது. காலடிச் சத்தம் உள்ளே வந்தது. ஈரத்துணி உரசும் ஓசை. பலருடைய ஓசை.

ரஞ்சனி வேகமாகச் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க நீங்க, தம்பிங்க இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லயே?"

"எனக்குத் தம்பியே கிடையாது ரஞ்சனி."

"மெதுவா பேசுங்க, காதுல விழப்போகுது. உங்க அப்பாவோட மூக்கை மூணு பேருக்கும் அப்படியே ஒட்ட வச்ச மாதிரி இருக்கு. இல்லங்கறீங்க!"

கூடத்துக்கு ஓடினான். யாருமில்லை. சோபா மூன்று இடங்களில் அமுங்கியிருந்தது. அமுங்கிய பள்ளங்களில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றும் ஒவ்வொன்றாக மேலெழும்பின.

"கனிஷ்கா எங்க?"

"சித்தப்பாங்க கேட்டாங்க. கொல்லைப் பக்கம்னு காட்டிவிட்டேன்."

காதோரம் ஒரு மூச்சு. சில்லென்று. சேற்று வாடை.

"ஓய்வெடுங்கண்ணே. பாப்பாவ நாங்க பாத்துக்கறோம்."

கையை வீசினான். சுவர்தான் உடைந்தது. ரஞ்சனி அலறினாள். கொல்லைப்புறக் கதவு சாத்தியிருந்தது. சட்டத்தோடு பெயர்த்தெறிந்தான்.

சந்து. வெயில். ஆள் இல்லை.

கனிஷ்கா மட்டும்.

தரையிலிருந்து ஆறடி உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கழுத்தின் இருபுறமும் தொங்குவதுபோல அவள் கால்கள் தொங்கின. அங்கே கழுத்து இல்லை. தோள் இல்லை. அவள் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாய்ந்து அவள் காலைப் பிடித்தான். இழுத்தான். அவள் வீறிட்டாள். மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் பிள்ளையின் கால் கழன்றுவிடும். அவன் வலு அவனுக்குத் தெரியும்.

கையை விட்டான்.

அவள் நகர்ந்தாள். அசைந்து அசைந்து, யாரோ நடக்கும் நடையில். வடக்கே. ஆற்றுப் பக்கம். சந்து முனையில் திரும்பிப் பார்த்தாள்.

சிரித்தாள். டாட்டா காட்டினாள்.

"அப்பா" என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கலங்கிய தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது.