அம்பத்து மூணு மாடல் லாரி

சனிக்கிழமை பகல் 2.10. கருவடிக்குப்பம் ஷெட்டில் இருந்தவர்கள்:

வெற்றிச்செல்வன், முதலாளி. பழைய லாரிகளைப் புதுப்பித்து விற்பவர், ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.
எழிலரசன், டிரைவர். கையில் விலங்கு.
துர்கா, அவன் மனைவி.
ஜானகிராமன், டீசல் மெக்கானிக், துர்காவின் அப்பா. லாரி பம்பருக்கும் சுவருக்கும் நடுவே. உயிர் இல்லை.
சப்-இன்ஸ்பெக்டர் சுடர்விழி.

லாரி 1953 மாடல். உலகப் போருக்குப் பிறகு வந்த கனரக டீசல் வண்டிகளில் ஒன்று. திங்கட்கிழமை ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்துப் போவதாக இருந்தது. பிணம் இன்னும் அங்கேயே இருக்க, வெற்றிச்செல்வன் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"துணிய கீழ போடுங்க. என்ன பார்த்தீங்க?" என்றார் சுடர்விழி.

"ஒன்றரை மணி மேடம். இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பார்த்தா இவன் கியர்ல போட்டு ஒரே அமுக்கு. அவரு நசுங்கிட்டாரு. இவன் குதிச்சு ஓடிட்டான்."

"அப்புறம்?"

"நான்தான் ஏறி சாவிய திருப்பி ஆஃப் பண்ணேன். இல்லன்னா சுவரே போயிருக்கும். பெயிண்ட்ட பாருங்க, கீறிடுச்சு."

"பொய் மேடம்!" என்றான் எழிலரசன். "பத்து மணிக்கே வயர இழுத்து வண்டிய நிறுத்திட்டேன். ஹேண்ட் பிரேக்க மாமா கழட்டியிருந்தாரு. நியூட்ரல்ல விட்டு, உருளாம இருக்க சக்கரத்துக்குக் கட்டை குடுத்துட்டு பெரிய மார்க்கெட் போனேன்."

"யாரு பார்த்தா?"

"அந்தக் கூட்டத்துல யார சொல்றது?"

துர்கா அவன் சட்டையைப் பிடித்தாள். "நீயா செஞ்ச? அத மட்டும் சொல்லு. எங்கப்பாவுக்கு அழுவறதா, உன்ன திட்டறதா?"

"நான் இல்ல துர்கா."

"உங்கப்பாவுக்கு இங்க ஏதாவது தகராறா?" என்று கேட்டார் சுடர்விழி.

"நேத்து சொன்னாரு. இஞ்சின் எழுபது மாடலாம், நம்பர கொத்தி மாத்தியிருக்காம். வர்ற ஆளுகிட்ட சொல்லிடுவேன்னாரு."

வெற்றிச்செல்வன் சிரித்தார். "குடிச்சிட்டு உளறியிருப்பான்."

சுடர்விழி குனிந்தார். தண்ணீர் வடிவதற்காகத் தரை சுவர்ப்பக்கம் சரிவாகப் போடப்பட்டிருந்தது. சக்கரம் நின்றிருந்த இடத்தில், தூசியில் சதுரமாக ஒரு தடம். கட்டையைக் காணோம்.

3.20. பிணம் போய்விட்டது. சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லி, விலங்கை அவிழ்த்து, எழிலரசனை லாரியில் ஏற்றினார்.

"ஸ்டார்ட் பண்ணு."

என்ஜின் உறுமியது.

"இப்ப நீங்க ஏறுங்க முதலாளி. ஒன்றரைக்கு நிறுத்துனீங்களே, அதேமாதிரி நிறுத்துங்க."

வெற்றிச்செல்வன் சாவியைத் திருப்பினார். உருவி எடுத்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி செருகினார், திருப்பினார். புகை ஷெட்டை நிரப்பியது. வியர்வை அவர் காலருக்குள் இறங்கியது.

சுடர்விழி எட்டி, ஸ்டியரிங் பக்கத்துக் கம்பி வளையத்தை இழுத்தார். என்ஜின் இருமி நின்றது.

"சாவிய திருப்பினா உங்க கார்தான் நிக்கும். பழைய டீசல்ல அது ஸ்டார்ட்டருக்கும் லைட்டுக்கும்தான். இந்த வயர இழுத்து எண்ணெய நிறுத்தினாத்தான் இஞ்சின் நிக்கும். அம்பத்து மூணு மாடலோ எழுபதோ, ரெண்டுக்கும் அதேதான். ஒன்றரைக்கு இஞ்சின் ஓடவே இல்ல. கட்டைய உருவினீங்க. சரிவுல வண்டி தானா உருண்டுச்சு. கார் டிக்கிய திறங்க."

ஸ்டெப்னிக்குப் பின்னால், கால்மிதியில் சுற்றி, கிரீஸ் படிந்த கட்டை இருந்தது.

துர்கா வெற்றிச்செல்வன் முகத்தில் துப்பினாள். யாரும் தடுக்கவில்லை.

5.05. ஸ்டேஷன்.

"மேடம், உள்ள ஃபேன் இருக்குமா?" என்றார் வெற்றிச்செல்வன். இறந்தவரைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை இல்லை.

சுடர்விழி கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினார்.