சேறு பார்க்காத சக்கரங்கள்

அந்த வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஸ்டான்தோர்ப் ஊரின் பாட்ரெல் டயர் கடையில் மொத்தம் நான்கு பேர். கவுண்டருக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் நெரிடா. அவளுக்கு இடப்பக்கம், மூன்று பழைய டயர்களை அடுக்கி மேலே மெத்தை போட்ட இருக்கையில் அவள் அப்பா க்ளைவ். கையில் பாதி தின்ற, கறி அடைத்த மீட் பை; மடியில் ஸ்பேனர். ஹீட்டர் பக்கத்துப் பெஞ்சில் ஆப்பிள் தோட்டக்கார ரோஸா பக்லியரினி. டிராக்டர் டியூப் கைக்கு வந்து அரைமணி ஆகியும், மழையைச் சாக்கிட்டு எழுந்திருக்காமல் இருந்தாள். நான்காவது ஆள் உட்காரவே இல்லை. கண்ணாடிக் கதவருகே, முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வழிய நின்றிருந்தான்.

மழைக்கு முன் கருக்கும் வானத்தின் நிறம் அவன் கண்களுக்கு. அந்தக் கண்கள் நெரிடாவைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடின.

"டயர் மாட்டறவர் இருக்காரா?"

"அவர்தான் உங்ககூடப் பேசிட்டிருக்காரு," என்றாள் நெரிடா.

ரோஸா களுக்கென்று சிரித்தாள். அவனுக்குக் காது சிவந்தது.

"மன்னிச்சுக்கங்க... சேத்து டயர் நாலு வேணும். இருக்கறதுலயே முரட்டுத்தனமா."

நெரிடா ஓர் அட்டையை எடுத்தாள். எதையும் முறைப்படி கேட்டு எழுதினால்தான் அவளுக்கு மனம் ஆறும். பெயர்: ஹேமிஷ் டோர்வார்ட். வண்டி: வெளியே நனைந்துகொண்டிருந்த, இரண்டு அங்குலம் உயர்த்திய பச்சை எஸ்.யு.வி.

"எங்கல்லாம் ஓட்டறீங்க?"

"எல்லா இடமும்தான்."

"எல்லா இடம்னா?"

"வார்விக்... டூவூம்பா... டென்டர்ஃபீல்ட்..."

"அத்தனையும் தார் ரோடு. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?"

"எழுநூறு."

"அதுல மண் ரோடு?"

அவன் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "பதினஞ்சு... இருபது. பண்ணை வீடுங்களுக்குப் போற பாதை."

"சேறு?"

"மழை பேஞ்சா..."

"மூணு நாளா மழைதான். வண்டில சேறு எங்க?"

நான்கு பேரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். கழுவி வைத்த தட்டுபோல் மின்னியது வண்டி.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பியானோவுக்குச் சுருதி சேர்க்கறேன்."

மீட் பை க்ளைவின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் அசைந்ததில் மடியிலிருந்த ஸ்பேனர் சிமெண்டுத் தரையில் விழுந்து கணீரென்றது.

"ஈ ஃப்ளாட் சுரம்," என்றான் ஹேமிஷ், தன்னை அறியாமல். "கொஞ்சம் இறக்கம்."

நெரிடா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் சட்டென்று அவளைப் பார்த்தான்... பார்த்தவன் பார்வையை எடுக்க மறந்தான். அவளுக்கும் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது மறந்தது. அட்டையில் அந்த இடத்தில் பேனா ஒரு புள்ளி வைத்து நின்றிருந்தது.

'நெரிடா... வேலையைப் பார்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"இங்க பாருங்க. சேத்து டயர்ல ரப்பர் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி ஜாஸ்தி. சேறு உதிரணுமே, அதுக்காக. தார்ல நூறு கிலோமீட்டர் வேகத்துல போனா ஊளையிடும். ஈரத்துல பிடிக்காது. உங்களுக்கு அது வேண்டாம்."

"எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இதைக் கேப்பீங்களா?"

அவன் தாடை இறுகியது. பிறகு, சொல்ல வேண்டாததைச் சொல்லும் குரலில் சொன்னான். "எங்க வீட்ல எல்லாரும் மாட்டுப் பண்ணை. அண்ணனுங்க மூணு பேர். ஈஸ்டருக்கு ஆத்தங்கரையில எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்திக் கூடாரம் போடுவோம். போன வருஷம் என் வண்டிக்கு ஒரு பேர் வச்சாங்க... ஹை ஹீல்ஸ் போட்ட பியானோ."

ரோஸா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நெரிடாவும் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"பார்வைக்காக டயர் வாங்கறவங்களுக்கு நான் மாட்டறதில்ல," என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வார்த்தை நெருஞ்சி முள்ளாய்ப் போய் விழுந்தது.

"அப்ப மாட்டறவங்க யாராவது மாட்டட்டும்," என்றான்.

"நெரிடா! தம்பி இஷ்டம் அது," என்று க்ளைவ் எழுந்தார். அவரே மாட்டினார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புது டயர் மாட்டிய வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வர வேண்டும். சக்கரத்து நட்டுகளை மறுபடி அளவுபார்த்து இறுக்கி அனுப்புவார்கள். வராத வண்டி சக்கரத்தை உதறிய கதைகள் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நெரிடா அட்டையின் நகலை நீட்டினாள்.

"நூறு கிலோமீட்டர். மறக்காதீங்க."

அவன் வாங்கிக்கொண்டான். விரல் படாமல்... பட்டுவிடுமோ என்பதுபோல்.

ஒரு நாள், இரண்டு நாள்... எட்டு நாள். மற்ற அட்டைகள் வந்தன, போயின. ஹேமிஷின் அட்டை மட்டும் கவுண்டர் பெட்டியின் முன்வரிசையில் அசையாமல் நின்றது. வாரத்துக்கு எழுநூறு ஓடுகிறவனுக்கு நூறு எப்போதோ தாண்டியிருக்கும்.

'வீம்பு... நட்டு கழன்று எங்காவது குடை சாயட்டும், எனக்கென்ன?' என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே நெஞ்சு திக்கென்றது.

"அடியே, உன் பியானோக்காரன் இன்னிக்கு வாலங்காரா ஊர் ஹால்ல இருக்கான்," என்று ரோஸா தகவல் சொன்னாள். "என் வீட்டுப் பியானோவ நேத்துதான் பாத்தான். உக்காந்தான், உக்காந்தான்... அரைமணி நேரம் ஒரு கட்டையைக்கூடத் தொடல."

நெரிடா அளவு காட்டும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்கடி?" என்றார் அப்பா. "நூறு கிலோமீட்டர் ஆயிடுச்சு," என்றாள்.

ஹாலுக்கு வெளியே பச்சை வண்டி. உள்ளே ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலித்தது. மழை தூறத் தொடங்கியது. அவள் ஈர மண்ணில் முழங்கால் போட்டு ஒவ்வொரு நட்டாக இறுக்கினாள். முன்பக்க இடது சக்கரத்தில் ஒன்று அரைச்சுற்றுக்கு மேல் திரும்பியது. உள்ளே சுரம் நின்று, ஹேமிஷ் குடையோடு வெளியே வந்தான்.

"யாரது... என் வண்டிய என்ன பண்றீங்க?"

"திருடறேன். பேசாம குடையப் பிடிங்க."

அவன் பிடித்தான். குடைத்துணியில் மழை பொரிந்தது. அவள் தலைமேல் குடை. அவன் முதுகு முழுக்க நனைந்தது.

"உள்ள வாங்க... காயட்டும்," என்றான், கடைசி நட்டு முடிந்ததும்.

உள்ளே பியானோவின் மூடி திறந்திருந்தது. ஒரு கம்பளித் துணிப்பட்டையை அவளிடம் கொடுத்து, கம்பிகளுக்கு நடுவே எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினான். அவள் அழுத்தினாள். அவன் சுருதிச் சாவியை மயிரிழை திருப்பினான்... இரண்டு ஒலிகள் நெளிந்து, நெளிந்து, ஒன்றாகின. அந்த நிமிடம் அவன் முகத்தில் வந்த வெளிச்சம்! இப்படிக் காதுகொடுத்து ஒருவன் கேட்டால், யாரும் எதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் தாழ்ந்த குரலில். "அந்த டயர்... நூறுல போனா ஒரு சுரம் பிடிச்சு இரையுது. இறங்கினப்புறமும் காதை விட்டுப் போக மாட்டேங்குது. போற எடத்துல அரைமணி நேரம் சும்மா உக்காந்துதான் வேலைய ஆரம்பிக்கறேன். யார்கிட்டயும் சொல்லல... உங்ககிட்டதான்..."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

வாயிலிருந்து போய்விட்டது. ஜெயித்த குரலில்.

அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. பட்டையை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான்.

"சொன்னீங்க. நட்டுக்கு நன்றி."

அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் தன் நாக்கைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ரோஸா வந்து பெஞ்சில் உட்காராமலே பேசினாள். அவள் உட்காரவில்லை என்றால் விஷயம் பெரிது.

"மேற்கே போயிட்டான். ஊர் ஊரா சுருதி சேர்த்துக்கிட்டு, ஆறு வாரம். அடிலெய்டுல ஒரு இசைப்பள்ளியில நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணுமாம். போகாதேன்னு சொல்ல இங்க யார் இருக்காங்கன்னு என்னையே கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் பியானோ இருக்கேன்னேன். அது போதாதாம்." ரோஸா அவளையே பார்த்தாள். "வர்ற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய், கன்னமுல்லா தபால் ஆபீஸ்ல கடுதாசி வாங்கிக்குவானாம். அந்தப் பக்கமெல்லாம் போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

நெரிடா இரண்டு முறை போன் செய்தாள். மணியே அடிக்கவில்லை.

அன்று மாலை ஒரு லாரிக்காரர் உள்ளே வந்து, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். அவள் எழுந்து கவுண்டரைச் சுற்றி வந்தாள். அவர் பார்வை அவள் காலிலிருந்த இரும்புமுனை பூட்ஸில் விழுந்தது. "சரி... நீங்களே பாருங்க," என்றார்.

அவர் போனபிறகு நெரிடா தன் பூட்ஸையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் மாட்டாமல் கவுண்டரில் உட்கார்ந்து எழுதும் நேரத்திலும் எதற்கு இரும்புமுனை பூட்ஸ்? பார்வைக்கு! இது இல்லாவிட்டால் ஒருத்தரும் அவளை நம்புவதில்லை என்பதற்காக... பதினோரு வருடமாக. ஹேமிஷும் தன் அண்ணன்கள் நடுவே ஒரு நாள் தலைநிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டான். அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

'சிரித்தது நான். சரிசெய்ய வேண்டியதும் நான்தான்.'

ஞாயிறு, திங்கள், செவ்வாய்... மூன்று நாள். பார்க்க முரடாகவும் தாரில் சாதுவாகவும் இருக்கக்கூடிய டயர்களில் மூன்று வகையைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றாகத் தன் வண்டியில் மாட்டி, வாலங்காராவுக்கும் திரும்பவும் நூறில் ஓட்டினாள்; ரேடியோவை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, காதைத் தீட்டிக்கொண்டு. ஒன்று இரைந்தது. ஒன்று அமைதி, ஆனால் வெறும் நகரத்து முகம். மூன்றாவதை மாட்டி ஓட்டியபோது நல்ல மழை. பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். சொன்ன இடத்தில் நின்றது.

"ஒரே ஆளுக்கு மூணு செட்டா?" என்றார் க்ளைவ்.

"ஆமா."

"வாங்குவானா?"

"தெரியாது."

"வருவானா?"

"தெரியாதுப்பா."

க்ளைவ் மகளின் முகத்தைப் பார்த்தார். மீட் பையை ஓரமாக வைத்தார். "சரி... ஜாக்கிய எடு. கடைசிச் செட்டைக் கழட்டித் தொடச்சு, அவன் பேர் எழுதித் தனியா வைப்போம்."

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டை மறந்து, கவுண்டரில் உட்கார்ந்து எழுதினாள்.

"அன்புள்ள ஹேமிஷ்,

முதலில் டயர். நான்கு தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் உங்கள் அண்ணன்கள் வாயடைக்கும் அளவுக்கு முரட்டுப் பல். நடுவில் பட்டன்கள் நெருக்கம். ஒவ்வொன்றிலும் மழைநீரை வழித்துவிடும் மெல்லிய கீறல்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள வெள்ளை எழுத்து வெளியே தெரியும்படி மாட்டுவேன். உயர்த்திய வண்டிதானே என்று இதைவிடப் பெரிதாகக் கேட்காதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க வளைத்தால் உரசும். நூறு வேகத்தில் நானே ஓட்டிக் கேட்டேன். இரைச்சல் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கியதும் காதை விட்டுப் போய்விடுகிறது.

இரண்டாவது. பார்வைக்காக வாங்குகிறவர்களுக்கு மாட்டுவதில்லை என்றேன். நானே பார்வைக்காகத்தான் கவுண்டரில்கூட இரும்புமுனை பூட்ஸ் போடுகிறேன். உங்கள் ஆசையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஹாலில் நீங்கள் என்னை நம்பி ஒன்று சொன்னீர்கள். நான் ஜெயித்ததாக நினைத்தேன். அன்று தோற்றது நான்தான்.

மூன்றாவது..."

இங்கே பேனா நின்றது. வெளியே மழை. அவள் மூச்சை இழுத்துவிட்டு, ஒரே வீச்சில் எழுதினாள்.

"போகாதே என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ரோஸாவிடம் கேட்டீர்களாம். நான் இருக்கிறேன். அடிலெய்டு நல்ல ஊர்தான். போக வேண்டும் என்றே தோன்றினால் போங்கள், டயரை அங்கேயே அனுப்பிவைக்கிறேன். ஆனால் நான் சொல்லாததால் போனதாக இருக்கக் கூடாது. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால்... நான் உங்களைக் காதலிக்கிறேன். போகாதீர்கள்.

நெரிடா."

திரும்பப் படிக்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். மடித்து உறையில் போட்டாள். 'ஹேமிஷ் டோர்வார்ட், தபால் நிலையத்தில் வைத்திருந்து கொடுக்கவும், கன்னமுல்லா' என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி, பசையை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்க இரண்டு முறை அழுத்தினாள். தபால்தலையை ஒட்டினாள். மூன்றரை மணி தபால் வேனுக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது.

கோட்டை எடுக்காமல் ஓடினாள். தபால் ஆபீஸ் வாசலில் வேன்காரப் பெண் சிவப்புப் பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கன்னமுல்லாவுக்குச் செவ்வாய்க்குள்ள போயிடுமா?"

"இன்னிக்குக் குடுத்தா போயிடும். என்ன, அவசரமா?"

"ஆமா," என்றாள் நெரிடா. "ரொம்ப."

உறையைத் தன் கையாலேயே பைக்குள் போட்டாள். அந்தப் பெண் பையின் வாயை இறுகக் கட்டி, வேனில் ஏற்றி, கதவைச் சாத்தினாள்.