அவருக்கு ஓர் இதயம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பொழுது விடிந்தால் சுவர் முதலில் வணக்கம் சொல்லும், பிறகு ஆயுளைச் சொல்லும். "இதயம் இந்த வருஷம் தாங்கும். அடுத்த தீபாவளி சந்தேகம்" என்று அது சொன்னபோது ஆளவந்தார் பல் விளக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. ஆனால் அவர் கவலை அதுவல்ல, குமுதவல்லி.

மனைவி போனபின் தனிக்கட்டையாய் இருந்த மனுஷனுக்கு, கண்ணாடிக் கூடாரத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த அறுபது வயது விதவைமேல் ஆசை வந்தது. வந்துவிட்டது, என்ன செய்ய? ஒரே வீட்டில் குடியேறினார்கள். முன்பு "ஆளவந்தார் சார்" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டவள், இப்போது அவர் பெயரையே எடுப்பதில்லை. "இங்க பாருங்க" என்கிறாள். ஆசை விட்டுப்போச்சு என்று கிழவர் முடிவுகட்டினார். காற்றுக்குழாய் பழுதுபார்க்க வரும் கோதண்டத்துக்கு இன்னும் தலை நரைக்கவில்லை என்பதும் கண்ணை உறுத்தியது.

சுவருக்கும் காது உண்டு என்பது அங்கே பழமொழி அல்ல, வீட்டு வசதி. அவள் தங்கையிடம் பேசியதை ஒலிக்கச் சொன்னார்.

"அவருக்குப் புது இதயம் கேட்டிருக்கேன்டி. அவர் இல்லாம என்னால முடியாது. வீட்ல இன்னும் மூச்சு விடல."

ஆளவந்தாருக்கு வயிறு எரிந்தது. எவன் அந்த அவர்?

அங்கே செயற்கை இதயம் சும்மா கிடைக்காது. நோயாளிக்கு நெருக்கமான ஒருவர் கேட்க வேண்டும். ஊரில் ஒருவர் மறுத்தாலும் போச்சு, மறுபடி கேட்க முடியாது. மறுத்தவர் பெயரையும் வெளியே விடமாட்டார்கள். ஆளவந்தார் நேரே இதயக்கூடத்துக்குப் போய், குமுதவல்லி கேட்டதை மறுப்பதாகச் சொன்னார். யாருக்கென்று தெரிந்துதானே மறுக்கிறீர்கள் என்று இயந்திரம் மரியாதையாகக் கேட்டது.

"நல்லாத் தெரியும்" என்று கைரேகை வைத்தார்.

சாயங்காலம் குமுதவல்லி அழுதுகொண்டிருந்தாள். இதயம் கேட்டிருந்தாளாம், எவனோ மறுத்துவிட்டானாம்.

"யாருக்குக் கேட்டே?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு? கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என் பேரைக்கூட நீ சொல்றதில்லையே?"

அந்த அழுகையிலும் அவளுக்கு வெட்கம் வந்தது. "மனசுல புருஷன்னு ஆனப்புறம் பேர் சொல்ல வாய் வரலைங்க. எங்கம்மாவும் அப்பாவை அவர்னுதான் சொல்லும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க உயிர் போகணும்னு நினைக்கிற அளவுக்கு யாருங்க நமக்கு விரோதி?"

ஆளவந்தார் கைரேகை வைத்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கோதண்டமாத்தான் இருக்கும்" என்றார்.