தோதோலுக்குப் பிறந்தநாள் ரொட்டி

செவெரினாவின் வீட்டில் அவளைவிட மூன்று வயது மூத்த ஒருவன் இருந்தான். பெயர் தோதோல். நாலு கால், ஒரு வால், ஒன்றரைக் காது. மீதி அரைக் காதைப் பக்கத்துத் தெரு நாய் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டும் தோதோல் இனிப்பைப் போலவே அதுவும் நல்ல கறுப்பு. யாரிடமாவது ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. அதனால்தான் அந்தப் பெயர்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சான் ஜுவாவ் திருநாள். ஊர் ஆண்கள் எல்லோரும் தலையில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டு, மழையில் பாட்டுப் பாடி, கிணற்றில் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். செவெரினாவின் அப்பா லாசாருவும் குதித்தார். சொட்டச் சொட்ட வீடு திரும்பியவருக்கு ரொட்டி அடுப்பின் பக்கம் ஏதோ முனகல் கேட்டது. காலி மாவுச் சாக்குக்குள் உள்ளங்கை அளவு நாய்க்குட்டி! அன்றிலிருந்து சான் ஜுவாவ் நாள்தான் தோதோலின் பிறந்தநாள். மறந்துபோக வழியே இல்லை.

லாசாரு ரொட்டி சுட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவர். காலையும் மாலையும் சைக்கிளில் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை ‘பொம்ப் பொம்ப்’ என்று அமுக்கிக்கொண்டு கிளம்புவார். கூடவே தோதோல் ஓடும். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

போன வாரம் எல்லாம் மாறிப்போனது. முட்டிவலி தாங்காமல் லாசாரு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். ஸ்கூட்டர் பின்னால் கிழ நாய் எப்படி ஓடும்? முதல் நாள் பாதி வழி ஓடிவிட்டு, மூச்சிரைக்க நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் லாசாரு கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று கேட்டருகே படுத்த தோதோல் எழுந்திருக்கவே இல்லை. நான்கு நாளாகத் தண்ணீர் மட்டும்தான். கிண்ணத்துச் சோறு அப்படியே காய்ந்துபோனது.

டாக்டர் வந்து கண்ணை, வாயை, வயிற்றை எல்லாம் பார்த்தார்.

“உடம்புல ஒண்ணும் இல்ல. மனசுதான் சரியில்ல. நாளைக்குள்ள எதையாவது சாப்பிட வச்சிடுங்க. இந்த வயசுல இதுக்கு மேல தாங்காது” என்றார்.

செவெரினா டாக்டரின் பையைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு அவன் பிறந்தநாள் டாக்டர். நானே ஏதாவது சுட்டுத் தரட்டுமா?”

“தாராளமா. ஆனா உப்பும் சர்க்கரையும் வேண்டாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் இதெல்லாம் அவன் பக்கமே கொண்டுபோகாதே.”

மறுநாள் சான் ஜுவாவ். மதியம் லாசாரு ரொட்டிகளை அடுப்பிலிருந்து எடுத்து முடித்தார். உள்ளே இன்னும் நல்ல சூடு இருந்தது.

“பப்பா, எனக்கு அடுப்புல ஒரு மூலை வேணும்.”

“ஆஹா, பெரிய ரொட்டிக்காரம்மா வந்துட்டாங்க! வாங்க வாங்க, அடுப்பே உங்களுதுதான்.”

கோதுமை மாவு, கொஞ்சம் தவிடு, ஒரு முட்டை. செவெரினா பிசைந்து உருட்டி வளைத்தாள். பதின்மூன்று வயதுக்குப் பதின்மூன்று காங்கண்! காங்கண் என்றால் வளையல் மாதிரி ரொட்டி. வளையல் மாதிரி என்றால் பார்ப்பதற்கு மட்டுமல்ல, கடிப்பதற்கும்தான். வெந்து வந்ததைத் தட்டில் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது.

லாசாரு ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். “ஏன் செல்லம், அவனுக்கு இருக்கறதே ஆறு பல்லு. இதைக் கடிக்கச் சொல்றியா, இல்ல கால்ல மாட்டிக்கச் சொல்றியா?”

“விசேஷம்னா நம்ம வீட்டுல காங்கண்தானே சுடுவோம்!”

“நமக்குச் சரி. அவன் பல்லைக் கேட்டியா?”

செவெரினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். காங்கண்களை டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி மாவை எடுத்தாள். இந்த முறை வேகவைத்த பூசணியை மசித்துச் சேர்த்தாள். கோழி ஈரலை அவித்துப் பொடியாக நறுக்கிப் போட்டாள். சின்னச் சின்னதாகத் தட்டி, அடுப்பில் சூடு குறைவான மூலையில் வைத்தாள். பஞ்சு போல வந்தது. வாசனையில் அவளுக்கே பசித்தது.

வாசலில் பூத்த பூக்களைக் கட்டித் தோதோலுக்கும் ஒரு கிரீடம் செய்திருந்தாள். அதைத் தலையில் வைத்துவிட்டு, ஆறிய ரொட்டியை மூக்கருகே நீட்டினாள்.

“பிறந்தநாள் வாழ்த்துடா தோதோல். ஒரு வாய். எனக்காக ஒரே ஒரு வாய்.”

தோதோல் முகர்ந்தது. அவள் கையை நக்கியது. பிறகு தலையைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மற்ற நாளாக இருந்தால் கிரீடத்தை உதறி, கடித்துக் குதறியிருக்கும். இன்று அதுகூடச் செய்யவில்லை.

செவெரினா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்போது கேட்டுக்கு வெளியே தூறலில் குடையோடு எர்மிலிண்டா ஆன்ட்டி வந்து நின்றாள். லாசாரு தினமும் ரொட்டி கொடுக்கும் முதல் வீட்டுக்காரி.

“லாசாரு! இந்த ஸ்கூட்டரால என் பொழப்பே சிரிப்பா போச்சு. உன் ஹாரனும் மீன்காரர் ஹாரனும் ஒரே மாதிரி கத்துது. ரொட்டின்னு பையைத் தூக்கிட்டு ஓடி வந்தா மீன்காரர் நிக்கறார். மீன்னு சட்டியைத் தூக்கிட்டு வந்தா நீ நிக்கறே!”

லாசாரு தலையைச் சொறிந்தார்.

“இதுல இன்னொண்ணு கேளு. தினமும் பழக்கதோஷத்துல ரொட்டியில ஒரு துண்டு பிச்சுக் கையில வச்சிக்கிட்டு நிக்கறேன். வாங்கிக்க ஆளைக் காணோம்” என்றாள். கோபமாக ஆரம்பித்த குரல் கடைசியில் இறங்கிவிட்டது.

செவெரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எர்மிலிண்டா ஆன்ட்டி வீட்டில் ஒரு துண்டு. அடுத்த வீட்டில் ஒரு துண்டு. அதற்கடுத்த வீட்டில் மீன் தலை. தோதோல் ஒரு நாளாவது கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் சாப்பிட்டிருக்கிறதா? யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள்கூட இல்லை! முதலில் வேலை, பிறகு வாசல் வாசலாகச் சாப்பாடு, கடைசியில்தான் வீட்டுக் கிண்ணம்.

“பப்பா, அவனுக்கு ரொட்டி பிடிக்காம இல்ல. வேலைக்குப் போகாம அவனுக்குச் சாப்பிடத் தெரியாது!”

“என்ன சொல்றே?”

“இன்னிக்குச் சாயங்காலம் சைக்கிள்ல போகலாம் பப்பா.”

“என் முட்டி இருக்கற லட்சணத்துல மிதிக்க முடியாதும்மா.”

“மிதிக்க வேண்டாம். தள்ளிக்கிட்டே நடக்கலாம். கிட்ட இருக்கற பதினோரு வீட்டுக்கு மட்டும். தள்ளறதுக்கு நான் வர்றேன்.”

லாசாரு கேட்டருகே கிடந்த கறுப்பு மூட்டையைப் பார்த்தார். போய்க் கொட்டகையிலிருந்து சைக்கிளை உருட்டி வந்தார்.

செவெரினா ஹாரனை அமுக்கினாள். ‘புஸ்’ என்று காற்றுதான் வந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து அமுக்கினாள்.

பொம்ப்!

ஒன்றரைக் காதும் நிமிர்ந்தன.

பொம்ப் பொம்ப்!

தோதோல் முன்னங்காலை ஊன்றியது. பின்னங்கால் வழுக்கியது. மறுபடி ஊன்றியது. மெதுவாக எழுந்து வந்து, சைக்கிளின் இடப்பக்கம், பன்னிரண்டு வருடமாக அது ஓடிய அதே இடத்தில் நின்றது. வால் ஒரு தரம் ஆடியது.

“ஐயோ, நான் வாசல்ல நிக்கணுமே! கொஞ்சம் இருங்க!” என்று எர்மிலிண்டா ஆன்ட்டி செவெரினாவின் தட்டிலிருந்து நாலு ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு, குடையைக்கூட விட்டுவிட்டு ஓடினாள்.

மீதி ரொட்டியையும் காங்கண் டப்பாவையும் செவெரினா கூடையில் வைத்தாள். சைக்கிள் கிளம்பியது. நான்கு எட்டு வைத்தால் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கியது தோதோல். அது நின்றபோதெல்லாம் லாசாருவும் நின்றார். கறுப்பு மூட்டை நடக்கிறதா என்று மழையும் கொஞ்சம் நின்று பார்த்தது.

முதல் வீடு. மூச்சு வாங்க நின்றிருந்த எர்மிலிண்டா ஆன்ட்டி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்: “வந்துட்டியாடா தோதோல்? இத்தனை நாளா எங்கடா போயிட்டே?”

கையை நீட்டினாள். தோதோல் முகர்ந்தது. செவெரினா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

லபக்கென்று ஒரு சத்தம். ரொட்டியைக் காணோம்!

இரண்டாவதும் போனது. மூன்றாவதும், நான்காவதும். பிறகு அவள் விரல்களை எல்லாம் வரிசையாக நக்கிவிட்டு, அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தது. செவெரினாவுக்கு மறுபடி அழுகை வந்தது. இது வேறு அழுகை.

அடுத்த வீட்டுக் கயேத்தான் அங்கிள் பூக்கிரீடத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாயின் தலையிலும் கிரீடத்தைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் வைத்தார். தோதோல் தன் ரொட்டியை முடித்துக்கொண்டிருந்தபோது, அவர் கை தானாகக் கூடையிலிருந்த டப்பாவுக்குள் போனது. ஒரு காங்கணைத் தேநீரில் முக்கித் தின்றார்.

“அங்கிள், அது...” என்றாள் செவெரினா.

“பிரமாதம்மா! உப்புதான் கொஞ்சம் குறைச்சல். அடுத்த தடவை பார்த்துப் போடு” என்று இரண்டாவதை எடுத்தார்.

லாசாருவுக்குச் சிரிப்பில் சைக்கிள் ஆடியது. “காலையில ஸ்கூட்டர், சாயங்காலம் சைக்கிள். நம்ம மூணு பேருக்கும் இதுதான் இனிமே டியூட்டி” என்று மகளின் தலையைக் கலைத்துவிட்டார்.

“மூணு பேரா? ரெண்டு பேர்தானே நிக்கறோம்” என்று திரும்பிப் பார்த்தாள் செவெரினா.

மூன்றாமவன் மூன்றாவது வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தான். கிரீடம் ஒன்றரைக் காதின் மேல் சரிந்திருந்தது. இன்னும் என்ன அங்கே பேச்சு என்று இவர்களைப் பார்த்து ஒரு குரல் குரைத்தான்.