கடைசிப் பலகைக்கு முன்

மதியம் 12.10.

ஸ்ரீலேகா மேசை இழுப்பறையை முழுதாக உருவி, கவிழ்த்துத் தட்டினாள். விதைப் பொட்டலங்கள் விழுந்தன. இரண்டு பேனா, ஒரு பழைய கைபேசி. பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

"காலைல ஒன்பதேகாலுக்கு இங்கதான் இருந்தது," என்றாள். "கையால தொட்டுப் பார்த்தேன்."

அன்று மாலை ஏழு நாற்பதுக்கு ஆம்ஸ்டர்டாமுக்கு அவளுக்கு விமானம். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். விசா அந்த இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருந்தது. புதிதாக எடுக்க வாரக்கணக்காகும். அதற்குள் வேலை கைநழுவிவிடும்.

ஏணியில் நின்றிருந்த சிவமலர் இறங்கி வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. நகரின் இன்னொரு மூலையான சென்ட் லோரன்டில் சின்னதாக ஒரு கூரை வேலைக் கொம்பனி நடத்துகிறாள். விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலில் இருக்கும் இந்த வீட்டுக்கு நாலு நாள் முன்பு வந்தபோது, இந்த அறையின் கூரை முழுக்கக் கண்ணாடி. கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ்பெட்டி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மரச்சட்டம் அடித்து, மேலே தகடு போட்டாயிற்று. சட்டங்களுக்கு நடுவே குளிரைத் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் இழுத்துப் பிடித்து, உட்பக்கம் பலகையும் அடித்தாயிற்று. தோட்டப் பக்கம் கூரை தாழ்ந்து வரும் இடத்தில் ஒரே ஒரு பலகைதான் பாக்கி.

அறை இருண்டுவிட்டிருந்தது. பக்கச் சன்னல்களில் நவம்பர் வெளிச்சம் சாம்பலாகத் தொங்கியது. கூரைக்கு மேலே நின்றே பழகிய சிவமலருக்கு, தான் போட்ட கூரைக்குக் கீழே நிற்பது எப்போதும் மூச்சு முட்டும்.

மாடியிலிருந்து ஸ்ரீலேகாவின் கணவன் நவநீத் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் பார்வை நேராக யோகேந்திரன் மேல் போனது. சிவமலரோடு ஏழு வருடமாக வேலை செய்பவர்; பக்கத்து லாசாலில் வாடகை வீட்டில் இருக்கும் நாற்பத்தைந்து வயது ஆள்.

"டீ பிரேக்ல இவர் மட்டும் தனியா உள்ள வந்தார். நான் மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். மணி பதினொண்ணு."

"அளக்கிற டேப் எடுக்க வந்தனான்," என்றார் யோகேந்திரன். "எடுத்துக்கொண்டு போட்டன். வேறை ஒண்டும் தொடேல்லை."

நவநீத் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "யாரும் வெளிய போகக்கூடாது. நான் போலீஸைக் கூப்பிடறேன்."

யோகேந்திரனின் முகம் வெளிறியது. அவருடைய அகதி விண்ணப்ப விசாரணை அடுத்த வியாழக்கிழமை. இந்த நேரத்தில் பெயரோடு ஒரு திருட்டுப் புகார் போனால் என்ன ஆகும் என்பது சிவமலருக்குத் தெரியும்.

"தம்பி, எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ," என்றாள். "பேந்து ஆரையும் கூப்பிடுங்கோ. கதவு பூட்டித்தானே கிடக்கு. ஒருதரும் ஓட ஏலாது."

நவநீத் கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு மணி வரைக்கும்."

12.30. யோகேந்திரன் தன் பையை நிலத்தில் கொட்டினார். சோற்றுப் பெட்டி, முழங்கை வரை நீளும் கையுறை, இரத்த அழுத்த மாத்திரை, விசாரணைக் கடிதம். யாரும் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்ற அவரைப் பார்க்க முடியாமல் ஸ்ரீலேகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நவநீத் வாசலில் நின்ற வேனையும் போய்க் கிண்டிவிட்டு வந்து, மறுபடி கதவைப் பூட்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

12.50. சமையலறை. நவநீத்தின் அப்பா பாலகிருஷ்ணன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். ஓய்வுபெற்ற பேராசிரியர், மனைவி இறந்து மூன்று வருடம். ஆறடி உயரம், மெல்லிய குரல். கோப்பையைச் சிவமலரிடம் நீட்டும்போது வலது முன்கை தேங்காயெண்ணெயில் பளபளத்தது. கொடுத்த கையோடு அதைச் சொறிந்தார்.

"ஹீட்டர் போட்டாலே தோல் வறண்டு அரிக்குதும்மா. முப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இன்னும் பழகல."

"ஓம் ஐயா, எல்லாருக்கும் அப்பிடித்தான்," என்றாள் சிவமலர். பிறகு நவநீத்திடம் திரும்பினாள். "ஒன்பதேகாலிலை இருந்து பத்து நாற்பது வரைக்கும் நானும் யோகேந்திரனும் அந்த அறையிலைதான். பதினொன்று இருபதுக்குத் திரும்பவும் வந்திட்டம். அப்ப எடுத்தது இடையிலை இருந்த அந்த நாற்பது நிமிசத்துக்குள்ளைதான். நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"மாடியில மீட்டிங். நடுவுல, பதினொண்ணுக்கு, பத்து நிமிஷம் இடைவேளை."

"மனுசி வெளிநாடு போறது உங்களுக்கு விருப்பமோ?"

"இல்ல. அவகிட்டயே சொல்லியிருக்கேன். அதுக்காகத் திருட மாட்டேன்."

"நீங்கள், தங்கச்சி?"

"பெட்ரூம்ல பெட்டி கட்டிக்கிட்டிருந்தேன்," என்றாள் ஸ்ரீலேகா.

"ஐயா?"

"இங்கதான். டீ போட்டேன், பேப்பர் படிச்சேன். அந்த ரூமுக்கு நான் நாலு நாளா போகவே இல்ல. தூசி ஆகாது." பிறகு மகனைப் பார்த்தார். "நவநீத், பாவம், அவங்களைச் சும்மா நிறுத்தி வைக்காதே. ஒரு பலகைதானே பாக்கி. அவங்க பாட்டுக்கு அடிச்சு முடிக்கட்டும். விசாரிக்கிறதை அப்புறம் விசாரி."

இந்த வீட்டில் நல்ல வார்த்தை சொன்ன ஒரே மனிதர் என்று சிவமலர் நினைத்துக்கொண்டாள்.

1.25. யோகேந்திரன் கையுறையை மாட்டிக்கொண்டு கடைசிப் பலகையைத் தூக்கினார். சிவமலர் மறுமுனையைப் பிடித்தாள். மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. பார்க்க வழியில்லை, பலகைக்கு அப்பால் எங்கோ போய்த் தேய்ந்தது.

"அக்கா," என்றார் யோகேந்திரன் மெதுவாக, "போலீஸ் வந்தால் நான் என்னெண்டு சொல்லுறது?"

சிவமலர் பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் மஞ்சளாய்த் தெரிந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய நீளக் கையுறையைப் பார்த்தாள்.

"பலகையைக் கீழை வையுங்கோ," என்றாள். "எல்லாரையும் கூப்பிடுங்கோ."

1.40. ஐந்து பேரும் அந்த இருட்டு அறையில் நின்றார்கள்.

"எடுத்தவருக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை," என்றாள் சிவமலர். "தங்கச்சி இண்டைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். வித்துக் காசாக்க வந்த கள்ளன் இழுப்பறையைப் பொறுமையா மூடி வைச்சிட்டுப் போகான். அப்ப இது வீட்டு ஆள்." அவள் பாலகிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள். "ஐயா, ரெண்டு கையையும் ஒருக்கா நீட்டுங்கோ."

அவர் நீட்டினார். இடது கை வெளிறி வறண்டு கிடந்தது. வலது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, எண்ணெய்க்கு அடியில் பொரிப்பொரியாய்த் தடித்திருந்தது.

"குளிர் வறட்சி எண்டால் ரெண்டு கையும் அரிக்கும். ஒரு கை மட்டும், அதுவும் முழங்கையோடை நிண்டுபோற அரிப்பு எங்கடை தொழில்காரருக்கு வாறது. வெறுங்கையைக் கண்ணாடிப் பஞ்சுக்குள்ளை விட்டால் இப்பிடித்தான் இருக்கும். யோகேந்திரன் இந்த ஏழு வருசமாக் கையுறை இல்லாமல் அதைத் தொடுறேல்லை. இந்த அறைக்கு வரவே இல்லை எண்டு சொன்னனீங்கள். பிறகு எங்கை தொட்டனீங்கள்?"

பாலகிருஷ்ணன் வலது கையை இழுத்து மார்போடு மடக்கிக்கொண்டார்.

"தேத்தண்ணிக்குப் போகேக்கை பிளாஸ்டிக் தாள் அடிக்காமல் கிடந்தது இந்த ஒரு மூலை மட்டுந்தான். ஏணி இல்லாமலே கை எட்டுற அளவுக்குத் தாழ்வு. நாங்கள் வந்து தாளைப் பிடிச்சிட்டம். பலகையும் ஏறியிருந்தால் சரி. உங்கடை அனுதாபத்தை நான் நம்பினனான் ஐயா. 'ஒரு பலகைதானே, அடிச்சு முடிக்கட்டும்' எண்டு சொன்னது எங்களுக்காக இல்லை."

அவள் கத்தியால் தாளைக் கீறினாள். கையுறையோடு பஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவே கருநீல அட்டை இருந்தது.

நவநீத், "அப்பா," என்றான்.

ஸ்ரீலேகா பாஸ்போர்ட்டை வாங்கி, விசாப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "என் பெட்டியை நீங்கதானே மாமா எடை போட்டீங்க. பெருமையா இருக்குன்னு சொன்னீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நின்னிருப்பே," என்றார் பாலகிருஷ்ணன். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "அப்புறம் ஆயுசுக்கும் உன் வேலையைக் கெடுத்தவன் நான். இவன் காலையில போனா ராத்திரி வர்றான், வந்தாலும் லேப்டாப். இந்த வீட்டுல என்னோட பேசறது நீ மட்டும்தான். நீ போகக்கூடாது, ஆனா அதுக்குக் காரணம் நான்னு இருக்கக்கூடாது. பலகை அடிச்சிட்டா மனசு மாறினாலும் என்னால எடுக்க முடியாது. அதனாலதான் அங்க வெச்சேன்."

"அதுக்காக இவரைக் காரணமாக்கினீங்களா?" ஸ்ரீலேகா யோகேந்திரனைக் காட்டினாள்.

"அவர் மேல சந்தேகம் வரும்னு நான் நினைக்கலம்மா."

"வந்த பிறகு?"

பாலகிருஷ்ணன் எழுந்து யோகேந்திரனிடம் போய்க் கைகூப்பினார். யோகேந்திரன் அந்தக் கைகளைப் பிடிக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

"நான் சப்பாத்தைக் கழட்டேக்கை நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் ஐயா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நவநீத் சாவியை எடுத்தான். கதவு திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. சிவமலர் அதை ஆழமாக இழுத்துக்கொண்டாள். அவன் யோகேந்திரனிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தான். "ஸாரி" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

"இது காணாது தம்பி," என்றாள் சிவமலர். "வியாழக்கிழமைக்கு முதல் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. நாலு நாள் உங்கடை வீட்டிலை நேர்மையா வேலை செய்தவர் எண்டு. கையெழுத்தோடை."

"எழுதறேன். இன்னிக்கே."

3.40. ஸ்ரீலேகா கணவனின் காரில் ஏறவில்லை. "அக்கா, உங்க வேன்ல என்னை இறக்கி விடறீங்களா?" என்று கேட்டாள். யோகேந்திரன் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் தூக்கித் தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கயிறு கட்டினார்.

விமான நிலையம் பத்து நிமிடத் தூரம். புறப்பாட்டு வாசலில் சிவமலர் வேனை நிறுத்தியபோதும் ஸ்ரீலேகா இறங்காமல் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

"நவநீத், ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல ரசம் இருக்கு. சூடு பண்ணு. இன்னிக்கு நீ மாமா பக்கத்துல உக்காந்து சாப்பிடு."

"அப்பாகிட்ட நான் என்னத்தைப் பேசறது?" என்று மறுமுனையில் அவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாது. அவரையே கேளு," என்றாள். கைபேசியை அணைத்துவிட்டு இறங்கினாள்.