இடம் மறக்க வைக்கும் முறை

காலையில் காபி குடிப்பதற்கு முன் மீன்களை எண்ண வேண்டும். துறைமுகக் குடியிருப்பின் பன்னிரண்டு மாடிகளிலும் அதுதான் வழக்கம். ஜெசிந்தா கலைந்த தலையோடு கண்ணாடிக்கடல் எனும் மீன்தொட்டியின் முன் உட்கார்ந்து எண்ணினாள். கோமாளி மீன் இரண்டு, வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று, பாறைக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு கப்பித்தான். உப்பின் அளவு சரி. ஆவியாகிப் போன நீருக்கு ஈடாக இரண்டு குவளை நல்ல தண்ணீர் ஊற்றினாள். "எல்லாம் இருக்கு" என்று சுவரிலிருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் பதிவியிடம் சொன்ன பிறகுதான் அடுப்பு பற்றும்.

வெளியே இருக்கும் கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்துப் போய் முப்பது வருடமாகிறது. மிச்சமிருந்த மீன்களைக் கடற்காவல் துறை வீட்டுக்கு நாலைந்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. தூத்துக்குடியில் குடியிருக்க வேண்டுமென்றால் கூடவே ஒரு கண்ணாடிக்கடலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மீனுக்கு ஏதாவது ஆனால் வீடு கையை விட்டுப் போகும். ஜெசிந்தா ஏற்கெனவே மூன்று வீடுகளைக் கடலுக்குக் கொடுத்தவள். இது நாலாவது. இதிலிருந்து தன்னைப் பிணமாகத்தான் தூக்க முடியும் என்று கணவன் சூசையிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

கப்பித்தான் விரல் நீளமே உள்ள நீல டாம்செல் மீன். அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை கோபத்தை யார்தான் அடைத்து வைத்தார்களோ. புதிதாக எதை உள்ளே விட்டாலும் வாலைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். அதை வழிக்குக் கொண்டுவந்ததில்தான் ஜெசிந்தாவுக்குக் குடியிருப்பு முழுக்கப் பெயர். துறைக்கு வாராவாரம் அனுப்பும் குறிப்பில் மற்றவர்கள் ஒரு வரி எழுதினால் இவள் இரண்டு பக்கம் எழுதுவாள். பாறைகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டால் தாதா மீனுக்குத் தன் பொந்து எது என்றே மறந்து போகும். புதுமீனைப் பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும், பார்க்கலாம், கடிக்க முடியாது. அந்தப் பெட்டிக்குப் 'பழகுகூடு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். அப்படியும் அடங்காவிட்டால் வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் போதும், தாதா தன் உருவத்தோடே மல்லுக்கட்டிச் சோர்ந்துவிடும். எழுதும்போது அவளுக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

அந்த வருடம் பகிர்வீட்டுச் சட்டம் வந்தது. கடல் இன்னும் உள்ளே ஏறி, விளாத்திகுளம் வரை நிலம் உப்பாகிவிட்டதால் ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தாக வேண்டும். ஜெசிந்தாவின் வீட்டுக்குப் பேச்சித்தாய் என்ற ஒருத்தி வருவதாகக் கடிதம் வந்தது. அவளுக்குப் பாதி வீடு.

"பாதியாம்ல பாதி! யாரு வாரான்னு நானும் பாக்கேன்" என்று ஜெசிந்தா கடிதத்தைச் சுருட்டி எறிந்தாள்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் பட்டப்பகலில் நாலு ஆட்கள் வந்தார்கள். அந்தக் கட்டடத்தின் உள்சுவர்கள் எல்லாம் நகர்சுவர்கள், தண்டவாளத்தில் ஓடுபவை. பராமரிப்பு வேலை என்றார்கள். அவள் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் சமையலறை கிழக்குப் பக்கம் போயிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் குளியலறை இருந்தது. அன்று முழுக்க அவள் தண்ணீர் குடிக்கப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டாள். கோபத்தை விட அவளை அதிகமாகத் தொந்தரவு செய்தது வேறொன்று. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

மறுநாள் பேச்சித்தாய் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு மூட்டை, முகத்தில் பயம். அவளை நேராக வீட்டுக்குள் விடவில்லை. கூடத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்டு அதற்குள் குடிவைத்தார்கள். வழி வேறு, குழாய் வேறு. நோய்த்தொற்றுப் பாதுகாப்பு, பத்து நாள் என்று சொன்னார்கள்.

"பத்து நாளா?" என்றாள் ஜெசிந்தா.

"பத்து நாள்" என்றான் கண்ணாடி மாட்டியவன்.

அவளுக்கு அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். விளக்கு மங்கினால் சந்தேகம், மின்தூக்கியில் யாராவது சிரித்தால் சந்தேகம். சூசையிடம் சொன்னபோது, "ஒனக்கு மீனப் பாத்துப் பாத்துப் புத்தி கெட்டுப் போச்சுட்டி" என்று பேப்பரை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

கோபத்தைக் கொட்டக் குடியிருப்புத் துறையின் குறைகேள் குரல் இருந்தது. பதிவியைத் தொட்டால் ஒரு பெண் பேசுவாள். ஜெசிந்தா தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவளோடு சண்டை போட்டாள். அந்தப் பெண்ணும் சளைத்தவள் இல்லை. சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுத்தாள். சண்டை முடிந்தால் ஜெசிந்தாவுக்குக் கை கால் ஓய்ந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவளை முறைக்கக்கூடத் தெம்பிருக்காது. ஏழாம் நாள் அப்படிச் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் பேச்சித்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுவதைக் கவனித்தாள். மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் காபியைத் தூக்கிக் காட்டி, வேணுமா என்று சைகையில் கேட்டாள். அவள் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, அழுகையோடு லேசாகச் சிரித்தாள்.

எட்டாம் நாள் சண்டை உச்சத்தில் இருந்தபோது சூசை பல் விளக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தான்.

"மூணு வீட்டப் பறிகொடுத்தவ வயிறு எப்படி எரியும், சொல்லுங்க பாப்போம்!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

"ஒரு வீடும் இல்லாதவ வயிறு எப்படி எரியும், அதச் சொல்லுங்க பாப்போம்!" என்றது குரல்.

சூசைக்கு நுரையோடு சிரிப்பு வந்துவிட்டது. "என்னட்டி இது, நீயும் நீயுமா சண்ட போடுத? அதே பேச்சு, அதே இழுவ. கண்ண மூடிக்கிட்டா எது நீ, எது அதுன்னு எனக்கே தெரியல."

ஜெசிந்தா பதிவியிலிருந்து கையை எடுத்தாள். சுவர்கள், பத்து நாள் கண்ணாடி, இப்போது தன் குரலோடே இந்தச் சண்டை. மூன்றையும் எங்கே பார்த்தோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கேயும் பார்க்கவில்லை, தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மாதக் கணக்கெடுப்புக்குக் கடற்காவலர் குமரகுரு வந்தார். அவர் மீன்களை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஜெசிந்தா நேராகக் கேட்டாள்.

"எங்க வீட்டுச் சுவத்த நகத்துனது யாரு சார் சொல்லி?"

அவர் மறைக்கவே இல்லை. முகமெல்லாம் மலர்ந்தது. "உங்க குறிப்புதாம்மா! குடியிருப்புத் துறைக்காரங்க பகிர்வீட்டுல தினம் அடிதடின்னு திணறிட்டு இருந்தாங்க. நான்தான் உங்க நாலு வருஷக் குறிப்பையும் எடுத்துக் கொடுத்தேன். நானூறு வீட்டுல செஞ்சு பார்த்தாச்சு. ஒரு அடிதடி இல்ல. அங்க இதுக்கு ஜெசிந்தா முறைன்னே பேரு."

"அது மீனுக்கு எழுதுனது சார்."

"பலிச்சிருக்கேம்மா."

"கடைசியா ஒண்ணு எழுதியிருந்தேனே. எதுக்கும் அடங்கலன்னா..."

குமரகுரு பையை மூடினார். எதற்கும் அடங்காவிட்டால் தாதாவை வெளியே எடுத்து, வேறு தொட்டியில் இருபத்தொரு நாள் தனியாக வைத்து, பிறகு புதுமீனைப் போல உள்ளே விட வேண்டும். தன் இடம் என்ற நினைப்பே அதற்கு இருக்காது. ஒரே ஒருமுறை கப்பித்தானுக்கு அவள் அப்படிச் செய்திருக்கிறாள்.

"அதுக்கு ஓய்வுன்னு பேரு வச்சிருக்கோம்" என்றார் அவர். "உங்களுக்கெல்லாம் தேவைப்படாதும்மா. எட்டாம் நாளுக்குள்ள நல்லாவே இறங்கி வந்துட்டீங்க. காபி கொடுக்கப் போனீங்களே, அதுகூடப் பதிவாகியிருக்கு."

ஏழாம் மாடி ஃபிலோமினா போன மாதம் ஓய்வுக்குப் போய்வந்தாள். பகிர்வீட்டில் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தவள். திரும்பி வந்த அன்று தன் வீட்டு வாசலில் நின்று, செருப்பை எங்கே விடட்டும் என்று கேட்டாளாம். உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்று ஜெசிந்தாவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குமரகுரு போன பிறகு அவள் சூசையிடம் எதுவும் சொல்லவில்லை. பதிவி சுவரில் இருந்தது. தனக்குப் பயமாக இருக்கிறது என்று புருஷனிடம் சொல்லக்கூடப் பயமாக இருந்தது. அழவும் இல்லை, அதுவும் எங்கேயாவது பதிவில் ஏறும்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கண்ணாடித் தடுப்பு விலகியது. ஜெசிந்தா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் இருந்தாள். இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, இலை போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். அடுப்பு எந்தப் பக்கம் என்று இன்றைக்கு அவள் யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போயிற்று.

"வாங்க மதினி, வாங்க. சாப்பிடுவோம். ஆறிப் போவுது" என்றாள், சிரித்தபடி.

பேச்சித்தாய் மூட்டையோடு, தடுப்பு இருந்த கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"வாரேன் மதினி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன், கோவப்படக் கூடாது. எனக்கும் உள்ள ஒரு குரல் குடுத்திருந்தாவ. பத்து நாளும் உங்களப் பத்தி நல்லதாவே சொல்லிச்சு. அதான் பயமா இருக்கு." அவள் இடியாப்பத்தையும் ஜெசிந்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களாத்தான் கூப்புடுதியளா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஜெசிந்தா வாயைத் திறந்தாள். சுவரோரம் அழுதவளைப் பார்த்து மனசு இளகியது பொய்யா? அன்று அவளுக்குத் தெம்பில்லை, தெம்பில்லாமல் செய்திருந்தார்கள். விடியலில் எழுந்து மாவு பிசைந்தது இவள்மேல் உள்ள பிரியத்தாலா, இருபத்தொரு நாளை நினைத்தா? தனக்குள்ளே எவ்வளவு துழாவியும் எது தன்னுடையது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"தெரியல மதினி" என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நெசமா எனக்குத் தெரியல."

பேச்சித்தாய் மூட்டையைக் கீழே வைக்காமலே உள்ளே வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.